கடவாய்ப் புண்ணுக்கு எது முதலில்: ஹோமியோபதியா, வீட்டுப் பராமரிப்பா, டாக்டரா?

கடவாய் ஓரம் வெடித்துவிட்டால் கொட்டாவி விடவே பயமாக இருக்கும். இட்லியைக்கூடச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். புளிக்குழம்போ ஊறுகாயோ பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனாலும் இதற்காக டாக்டரிடம் போக யாருக்கும் தோன்றுவதில்லை. பாட்டி நெய் தடவச் சொல்வார். மருந்துக்கடைக்காரர் பி காம்ப்ளக்ஸ் அட்டை ஒன்றை எடுத்து நீட்டுவார். தெரிந்தவர் ஒருவர் ஹோமியோபதி உருண்டை நாலு சப்பினால் போதும் என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. யாருக்காவது அதில் ஆறிப்போனதை அவரவர் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால், முதல் இரண்டு வாரம் ஒழுங்கான வீட்டுப் பராமரிப்பு என்பேன். கூடவே, இது ஏன் வந்தது என்ற விசாரிப்பும் வேண்டும். ஆறாவிட்டாலோ, ஆறி ஆறித் திரும்ப வந்தாலோ டாக்டரும் ரத்தப் பரிசோதனையும். ஹோமியோபதி உருண்டைக்கு இந்த வரிசையில் நான் இடம் கொடுக்கவில்லை. உருண்டையை நம்புகிறவர்களிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்தப் புண் சிலருக்கு உடம்புக்குள் இருக்கும் வேறொரு குறையைக் காட்டுகிறது, அது கவனிக்கப்படாமலே மாதங்கள் போகின்றனவே என்ற கவலைதான்.

எச்சிலில் தொடங்குகிறது

வாயின் இரண்டு ஓரத்திலும் தோல் இயல்பாகவே மடிந்திருக்கிறது. அந்த மடிப்பில் எச்சில் தேங்கினால் தோல் ஊறி வெளுக்கும், காயும்போது வெடிக்கும். எரிகிறதே என்று நாக்கால் நனைப்போம். அந்த நிமிடம் இதமாக இருக்கும். ஆனால் எச்சிலில் உள்ள செரிமான நொதிகள் ஏற்கெனவே புண்ணான தோலை மேலும் அரிக்கும். அப்புறம் கேண்டிடா என்ற பூஞ்சையும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் அங்கே குடியேறும். இவை வெளியிலிருந்து வந்து தொற்ற வேண்டும் என்றில்லை. நம்மில் பலருடைய வாயிலும் மூக்கிலும் தொந்தரவு தராமல் இருப்பவைதான். வெடிப்பு கிடைத்ததும் உள்ளே போய்விடுகின்றன. மருத்துவர்கள் இதை ஆங்குலர் சீலைட்டிஸ் என்கிறார்கள்.

எச்சில் ஏன் தேங்குகிறது, தோல் ஏன் சீக்கிரம் வெடிக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உதட்டை நக்கும் பழக்கமுள்ள குழந்தை, விரல் சூப்பும் குழந்தை, பல்செட் தேய்ந்துபோன முதியவர், இரும்புச்சத்து குறைந்த பெண், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் இளைஞர் என்று எல்லோருக்கும் பார்க்க ஒரே மாதிரிதான் புண் இருக்கும். ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்குக் கேட்காமல் போவது இதனால்தான்.

வாயோரத்தில் வருவதெல்லாம் இந்தப் புண் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் முதலில் சுருசுருவென்று இருந்து, பிறகு சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால் அது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ். கீழே சொல்லும் கிரீம்கள் அதற்கு உதவாது.

ஹோமியோபதி என்ன தருகிறது

ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-ல் இந்த முறையின் அடிப்படையை முன்வைத்தார். நலமாக இருப்பவருக்கு ஒரு பொருள் என்ன அறிகுறியை உண்டாக்குகிறதோ, அதே அறிகுறியுள்ள நோயாளியை அது குணமாக்கும் என்பது அவர் கொள்கை. கடவாய்ப் புண்ணுக்கு ஹோமியோபதியில் முதலில் சொல்லப்படும் மருந்து கண்டுராங்கோ. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் வளரும் ஒரு கொடியின் பட்டையிலிருந்து எடுப்பது. பிசுபிசுப்பாகத் தேன்போல நீர் கசிந்தால் கிராஃபைட்டிஸ், கீழுதட்டின் நடுவில் பிளந்தால் நேட்ரம் மூர், குத்துவது போன்ற வலியோடு வெடித்தால் நைட்ரிக் ஆசிட், நாக்கு வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆன்டிமோனியம் குரூடம் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கவனிப்பில் ஒரு நேர்த்தி இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். தேன்போலக் கசிந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டும் புண்ணை இன்றைய தோல் மருத்துவரும் தனியாகப் பிரித்துத்தான் பார்ப்பார். குழந்தைகளுக்கு வரும் இம்பெட்டிகோ என்ற பாக்டீரியா தொற்றின் அடையாளம் அது. ஆன்டிபயாட்டிக் களிம்பு வேண்டும், வீட்டில் துண்டைத் தனியாக வைக்க வேண்டும், மற்ற பிள்ளைகளுக்கும் பரவும். ஆக, இருவர் கண்ணிலும் படுவது ஒரே அறிகுறிதான். அதற்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதில்தான் வழி பிரிகிறது.

கொடுப்பது பெரும்பாலும் 30சி. ஒரு பங்கு மூலப்பொருளை 99 பங்கு ஆல்கஹாலிலோ நீரிலோ கலந்து குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் 99 பங்கில் கலந்து, இப்படி 30 தடவை செய்த கரைசலைச் சர்க்கரை உருண்டையில் ஊற்றுகிறார்கள். 12 தடவை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு அனேகமாக இல்லை. 30-வது தடவையில் கையில் இருப்பது சர்க்கரை. கண்டுராங்கோ 30, கிராஃபைட்டிஸ் 30 இரண்டின் சீட்டையும் மாற்றி ஒட்டிவிட்டால் எந்தச் சோதனைக்கூடத்தாலும் எது எதுவென்று சொல்ல முடியாது.

மனிதர்கள் மேல் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல மருத்துவ ஆய்வுக் குழு, இருக்கும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று 2015-ல் அறிவித்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2017-ல் இம்மருந்துகளை எழுத வேண்டாம் என்று மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. பிரான்ஸ் 2021 தொடக்கத்திலிருந்து இவற்றுக்கு அரசுக் காப்பீட்டில் பணம் தருவதை நிறுத்தியது. இந்தியாவில் நிலைமை வேறு. 1973-லிருந்தே ஹோமியோபதிக்கென்று மத்தியச் சட்டம் உண்டு, மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சக அங்கீகாரம் இருப்பதாலேயே பலருக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் அரசு அங்கீகாரம் என்பது ஒருவர் அந்த முறையைப் படித்துத் தேர்ந்தவர் என்பதற்கான சான்று. மருந்து வேலை செய்யும் என்பதற்கான சான்று அதில் இல்லை.

பிறகு எப்படிப் பலருக்கு ஆறுகிறது? எளிய கடவாய்ப் புண் பலவும், எச்சில் படாமல் பார்த்துக்கொண்டாலே சில நாளில் தானாக ஆறக்கூடியவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடிப் போகிறோம். அதற்குப் பிறகு குறைவதுதான் அதன் போக்கு. இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். ஹோமியோபதி மருத்துவர்கள் பலர் காபி, கற்பூரம், புதினா வாசனையுள்ள டூத்பேஸ்ட் இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். டூத்பேஸ்டில் சேர்க்கும் புதினா, லவங்கப்பட்டை வாசனைப் பொருள்கள் சிலருக்கு உதட்டோரத்தில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது தோல் மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். பேஸ்டை மாற்றியதில் புண் ஆறும், பெயர் உருண்டைக்குப் போகும். உருண்டை வாங்காமலே பேஸ்டை மாற்றிப் பார்க்கலாமே.

உருண்டையால் நேரடிக் கெடுதல் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்குக்கூட அதில் உள்ள சர்க்கரை கணக்கில் வராத அளவுதான். கவலை வேறு இடங்களில். நீர்க்கச் செய்யாத தாய்த் திரவம் என்று விற்பது ஆல்கஹால் கலந்தது, வெடித்த தோலில் பட்டால் எரித்து இன்னும் காயவைக்கும். குறைந்த வீரியம், அதாவது சில தடவை மட்டுமே நீர்க்கச் செய்தது என்று போட்டிருப்பவற்றில் மூலப்பொருள் நிஜமாகவே இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு விற்ற சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடிச் சாற்றின் அளவு ஏறுக்குமாறாக இருப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் கண்டறிந்து எச்சரித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு காலம். முதலில் கொஞ்சம் அதிகமாகித்தான் குறையும் என்று சொல்லிக் காத்திருக்க வைத்தால், பெருகும் தொற்றும் உள்ளே இருக்கும் ரத்தசோகையும் அப்படியே தொடரும்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஈரத்தையும் எச்சிலையும் தோலிலிருந்து விலக்கி வைப்பதுதான் இதன் சூட்சுமம். முகம் கழுவியதும் மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, வாசனை சேர்க்காத வாசலினை வாயோரத்தில் மெலிதாகப் பூசுங்கள். படுக்கும்முன் கட்டாயம், ஏனென்றால் தூக்கத்தில் எச்சில் ஒழுகுவது நமக்குத் தெரியாது. சாப்பிட உட்காரும்முன்பும் பூசினால் சாம்பாரும் ரசமும் வெடிப்பில் இறங்காது. புண்ணைத் தொட்ட விரலை மறுபடி டப்பாவுக்குள் விடாதீர்கள். எச்சில் அதிகம் ஒழுகும் குழந்தைக்குத் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு இன்னும் நன்றாகத் தடுப்பாக நிற்கும்.

தேங்காய் எண்ணெயும் நெய்யும் தவறில்லை, தோலை மிருதுவாக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் உடனே இளகி ஓடிவிடும், அடிக்கடி பூச வேண்டும். நெய்யில் இன்னொரு சங்கடம், குழந்தை அதை நக்கிவிடும். பழ வாசனை லிப் பாமுக்கும் இதே கதைதான். நக்கத் தூண்டும் எதுவும் இந்தப் புண்ணுக்கு ஆகாது. மணத்தக்காளிக் கீரையும் மோரும் வயிற்றுக்கு இதம், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் வாயோர வெடிப்புக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எலுமிச்சை, உப்பு, டூத்பேஸ்ட், சுண்ணாம்பு எதையும் புண்ணில் வைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் தடவவே கூடாது. போரிக் அமிலம் கலந்த ஆன்டிசெப்டிக் கிரீமையும் குழந்தையின் வாயோரத்தில் பூச வேண்டாம், விழுங்கிவிடும்.

இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இது ஒன்றே சிலருக்குப் போதுமானதாக இருக்கும்.

மருந்துக்கடைக் கிரீம்

சிவந்து, வெள்ளையாகப் படிந்து, நாலைந்து நாள் வாசலினுக்கும் அடங்காவிட்டால் பூஞ்சை சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். க்ளோட்ரிமசோல் 1 விழுக்காடு கிரீம் இதற்கு வழக்கமாகத் தருவது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒன்றிரண்டு வாரம். ஆறியது போலத் தெரிந்ததும் நிறுத்தாமல் சில நாள் தொடர்ந்து பூச வேண்டும். மைக்கோனசோல் பூஞ்சையோடு சில பாக்டீரியாவையும் அடக்கும் என்பதால் இந்தப் புண்ணுக்கு நல்ல தேர்வு. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோலை டாக்டரைக் கேட்காமல் வாயருகே தொடவே கூடாது. ரத்தக் கசிவு ஆபத்து கூடிவிடும். பாக்டீரியா தொற்று என்று டாக்டர் நினைத்தால் ஃபுசிடிக் ஆசிட் அல்லது முபிரோசின் எழுதுவார்.

எனக்குப் பயமே கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் மூன்று சேர்மானக் கிரீம்களைப் பார்த்துத்தான். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் ஒரே டியூபில். ஸ்டீராய்டு இருப்பதால் இரண்டே நாளில் சிவப்பு மறைந்துவிடும், ஆஹா என்று தோன்றும். விட்டதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். முகத்துத் தோல் மெலிந்து போகும். வைரஸ் புண்ணாக இருந்தால் பரவும். கடவாய்ப் புண்ணுக்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டால் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் சில நாளைக்குப் போதும், அதையும் டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும். இந்தச் சேர்மானக் கிரீமையும் சர்க்கரை உருண்டையையும் அருகருகே வைத்தால், கெடுதல் குறைந்தது உருண்டைதான் என்று தயங்காமல் சொல்வேன்.

பி காம்ப்ளக்ஸும் இரும்பும்

பி2, அதாவது ரைபோஃப்ளேவின் குறைந்தால் கடவாய் வெடிக்கும், நாக்கு சிவந்து எரியும். பால், தயிர், முட்டை, ஈரல், கீரை குறைவாகவும் தீட்டிய அரிசிச் சோறு நிறையவும் சாப்பிடுகிறவர்களுக்கு இது நடக்கக்கூடியதே. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை விலை குறைவு, இரண்டு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். அது ரைபோஃப்ளேவினின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வதுதான் நம் வழக்கம், அங்கேதான் சிக்கல். வழக்கமான பி காம்ப்ளக்ஸ் மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் இரும்பு இருக்காது. நம் பெண்களுக்குக் குறைவதோ அதுதான்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிற பெண்ணுக்குக் கடவாய்ப் புண் திரும்பத் திரும்ப வந்தால், கூடவே மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, முடி கொட்டுகிறதா, நகம் குழிந்து வளைகிறதா, பச்சரிசியோ ஐஸ் கட்டியோ மெல்ல ஆசை வருகிறதா என்று பாருங்கள். பச்சரிசி மெல்வதைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று வீட்டில் திட்டுகிறார்கள். பல நேரம் அது உடம்பில் இரும்பு இல்லாததன் அறிகுறி. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பில் சேமித்திருக்கும் இரும்பு தீர்ந்துபோயிருக்கலாம், அதை ஃபெரிட்டின்தான் காட்டும்.

குறை உறுதியானால் இரும்பு மாத்திரைதான் வழி. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் உணவாக நல்லவை. குறைந்துபோன இரும்பை அவை மட்டும் நிரப்பிவிடாது. மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் தேட வேண்டும். முழுச் சைவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களும் பி12-ஐயும் பார்த்துவிடுவது நல்லது.

பல்செட் போட்டவர்களுக்கு

முதியவர்களின் கடவாய்ப் புண்ணுக்கு உருண்டையும் விட்டமினும் பெரும்பாலும் வீண். பல்செட் வருடக்கணக்கில் தேயத் தேய, மேல்தாடையும் கீழ்த்தாடையும் நெருங்கிவரும், வாயோரம் ஆழமாக மடியும், எச்சில் அதன் வழியே வழியும். பல்செட்டிலேயே பூஞ்சை படிந்திருக்கும். வாயோரத்தில் கிரீம் பூசிவிட்டு அதே பல்செட்டைக் கழுவாமல் மாட்டினால் ஒரு வாரத்தில் புண் திரும்பிவிடும். இரவில் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு தேய்த்துச் சுத்தமான தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். டூத்பேஸ்டால் தேய்த்தால் கீறல் விழுந்து பூஞ்சை ஒளிய இடம் கிடைக்கும். பழைய செட் என்றால் பல் டாக்டரிடம் காட்டி உயரத்தைச் சரிசெய்யவோ புதிதாக மாற்றவோ வேண்டும். செலவுதான், தெரியும். ஆனால் மருந்துக்கென்று மாதாமாதம் செலவழிப்பதற்கு இது மேல்.

வெற்றிலை பாக்கோ புகையிலையோ போடுகிறவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும், தடித்து, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண் இருந்தாலோ, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகிவந்தாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், நேரே பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை நிபுணரிடமோ போங்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உறுதியானது. அதுபோலவே கடவாய்ப் புண்ணோடு சாப்பாடு தொண்டையில் நிற்பது, எடை குறைவது, வாய்க்குள்ளும் வெள்ளை படிவது, அடிக்கடி தாகமும் சிறுநீரும் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை இருப்பது தெரியாமலிருந்த சிலருக்கு இந்தப் புண்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

உருண்டையை விட மனமில்லை என்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு அந்த மருத்துவர் மேல் பல வருட நம்பிக்கை இருக்கும், அதைப் பறிக்க நான் சொல்ல மாட்டேன். உருண்டையைச் சப்பிக்கொண்டே வாசலினும் பூசட்டும், பல்செட்டையும் கழற்றி வைக்கட்டும், டாக்டர் கொடுத்த கிரீமையும் இரும்பு மாத்திரையையும் நிறுத்தாமல் இருக்கட்டும். குழந்தைக்கு மட்டும் சீட்டில் வீரியம் எழுதாத பொட்டலம் எதையும் கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் வெடிப்பு அப்படியே இருந்தால் வேறு உருண்டைக்கு மாறாமல், அந்தக் காசை ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வையுங்கள்.